முதல் நோயாளி நடந்தே வந்தார்: டோக்கியோ சாரின் தாக்குதலில் மருத்துவமனைகளுக்கு என்ன நடந்தது?

1995 மார்ச் 20, திங்கட்கிழமை. டோக்கியோவின் சுகிஜி பகுதியில் இருக்கும் செயின்ட் லூக்ஸ் சர்வதேச மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு காலை 8:16 மணிக்கு ஒரு தகவல் வந்தது. சுரங்க ரயில் நிலையத்தில் கேஸ் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். தீக்காயம், புகையால் மூச்சடைப்பு இப்படித்தான் கேஸ்கள் வரும் என்று நினைத்து, அதற்கு வேண்டியதை எடுத்துவைத்துக்கொண்டு டாக்டர்கள் காத்திருந்தார்கள்.

8:28-க்கு முதல் ஆள் வந்தார். ஆம்புலன்ஸில் இல்லை, நடந்தே வந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கண் வலிக்கிறது, எல்லாமே மங்கலாகத் தெரிகிறது என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 500 பேர் அதே வாசலில் வந்து நின்றார்கள். அன்றைய தினம் முடிவதற்குள் எண்ணிக்கை 640 ஆனது. மருத்துவமனையில் இருந்ததோ 520 படுக்கைகள். வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது.

பயங்கரவாதத் தாக்குதல் என்றாலே நம் மனதில் ஓடும் காட்சி ஒன்று உண்டு. சைரன், ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், ரத்தம். ரசாயனத் தாக்குதலில் இந்த வரிசையே குலைந்துவிடும் என்பதை உலக மருத்துவமனைகள் கற்றுக்கொண்டது அந்தக் காலை நேரத்தில்தான்.

ரயிலில் என்ன நடந்தது?

ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேர், அலுவலக நேர நெரிசலில் ஐந்து ரயில்களில் ஏறினார்கள். ஹிபியா, மருனோச்சி, சியோடா என்ற மூன்று தடங்கள். மூன்றும் அரசு அமைச்சகங்கள் நிறைந்த கசுமிகசெக்கி நிலையத்தைத் தொட்டுச் செல்பவை. செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளை ரயில் தரையில் போட்டு, முனை கூராக்கப்பட்ட குடையால் குத்தி ஓட்டை போட்டுவிட்டு, இறங்கிப் போய்விட்டார்கள். பைகளில் இருந்தது சாரின் என்ற திரவம். நிறம் கிடையாது. தரையில் தண்ணீர் சிந்தியதுபோலத்தான் இருக்கும். கசியக் கசிய அது ஆவியாகும்.

கொடென்மாச்சோ நிலையத்தில் ஒரு பயணி, இது என்ன கண்றாவி என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பொட்டலத்தைக் காலால் தள்ளி பிளாட்பாரத்தில் போட்டார். பெட்டிக்குள் இருந்தவர்களைக் காப்பாற்ற யாரும் செய்யக்கூடிய காரியம். ஆனால் அன்று அதிகம் பேர் செத்தது அந்த நிலையத்தின் விஷத்தால்தான். கசுமிகசெக்கியில் இரண்டு நிலைய ஊழியர்கள், பெட்டியில் கிடந்த பொட்டலத்தை அப்புறப்படுத்தி ஈரத்தைத் துடைத்தார்கள். இருவரும் இறந்துபோனார்கள். மருனோச்சி தடத்தில் ஒரு ரயில், பை கசிந்தபடியே ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது.

நகரம் முழுவதும் 5,500-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். 12 பேர் இறந்ததாக முதலில் கணக்கு. அந்தக் கணக்கு பின்னால் மாறியது.

விவசாயக் குடும்பங்களுக்குத் தெரிந்த விஷம்

சாரின் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். அது செய்கிற வேலை நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் டியூட்டி பார்த்த எந்த டாக்டருக்கும், நர்ஸுக்கும் பழக்கமானது. பூச்சிமருந்து குடித்தவர்களை வார்டில் பார்த்திருப்பார்கள்: வாயில் எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு திணறும், பிறகு வலிப்பு. சாரினும் அதே ஆர்கனோபாஸ்பரஸ் குடும்பம்தான். வீரியம் மட்டும் பல மடங்கு அதிகம்.

இது தற்செயல் இல்லை. ஜெர்மனியில் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் 1936-ல் தபுன், 1938-ல் சாரின் என்ற நச்சுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ராணுவம் எடுத்துக்கொண்டது. அதே ஷ்ரேடர் 1940-களில் உருவாக்கிய இன்னொன்று பாரத்தியான். அது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தபோது என்ன பெயரில் வந்தது தெரியுமா? பாலிடால். ஒரு காலத்தில் தற்கொலைக்கு மறுபெயராகவே ஊர்ப் பேச்சில் இருந்த அதே பாலிடால்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஒரு நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விடுகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதைத் துடைத்துவிடும். குழாயைத் திறப்பது ஒருவர், மூடுவது இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரின், மூடுகிறவரின் கையைக் கட்டிப்போடுகிறது. குழாய் திறந்தபடியே ஓடுகிறது. கண், வாய், நுரையீரல் எல்லாம் சுரந்துகொண்டே இருக்கும். தசைகள் துடித்து, களைத்து, கடைசியில் மூச்சுவிடும் தசையும் நின்றுபோகும்.

மருந்து இல்லாமல் இல்லை. அட்ரோபின், வழிகிற சுரப்பை நிறுத்தும். பிராலிடாக்சைம், சுருக்கமாக பாம், கட்டிப்போட்ட நொதியை அவிழ்க்கும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. நேரம் ஆக ஆக அந்தக் கட்டு இறுகி, அவிழ்க்கவே முடியாததாகிவிடும். சாரினில் பாதி நொதி இப்படிப் போய்ச்சேர சுமார் 5 மணி நேரம். சோமன் என்ற இன்னொரு நச்சில் இரண்டே நிமிடம். ஆக, என்ன விஷம் என்று எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அதைப் பொறுத்தது மருந்தின் பலன்.

பெயர் தெரியாமல் போன இரண்டரை மணி நேரம்

பெயர் சீக்கிரம் தெரியவில்லை. சம்பவ இடத்தில் சோதித்த தீயணைப்புத் துறை, அசிட்டோநைட்ரைல் என்ற வேறொரு ரசாயனம் என்று முதலில் தகவல் கொடுத்தது. போலீஸ் ‘சாரின்’ என்று அறிவித்தபோது காலை 11 மணி ஆகிவிட்டது. செயின்ட் லூக்ஸ் டாக்டர்களுக்கு அந்த உறுதியான தகவல் யார் மூலம் போனது? டி.வி. செய்தி மூலம்!

அதற்கு முன்பே துப்புக் கொடுத்தவர்கள் நோயாளிகள்தான். இதயம் நின்ற நிலையில் கொண்டுவரப்பட்டவர்களுக்கும், நடந்து வந்தவர்களுக்கும் ஒரே மாதிரி சுருங்கிய கண்மணி. இது பூச்சிமருந்து வகை நச்சாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. சந்தேகத்தை உறுதியாக்கியது இன்னொரு ஊரிலிருந்து வந்த தகவல். மத்சுமோட்டோ என்ற நகரத்தில் 1994 ஜூன் 27 இரவு இதே குழு சாரினைப் பரப்பியிருந்தது. அன்று 7 பேர் இறந்தார்கள். அங்கே சிகிச்சை அளித்த ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவமனையின் டாக்டர் நோபுவோ யனகிசாவா, டோக்கியோ காட்சிகளை டி.வி.யில் பார்த்ததும், இது நாங்கள் பார்த்த அதே கேஸ் என்று டோக்கியோ மருத்துவமனைகளுக்குத் தெரிவித்தார். இரண்டு சம்பவங்களையும் இணைத்தது ஒரு டாக்டரின் ஞாபகம்.

மத்சுமோட்டோ விவகாரத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. முதலில் தகவல் சொன்ன, தன் மனைவியே கோமாவில் விழுந்த ஒரு குடும்பஸ்தரைத்தான் போலீஸும் ஊடகங்களும் குற்றவாளிபோல் மாதக்கணக்கில் நடத்தின. டோக்கியோ தாக்குதலுக்குப் பிறகுதான் அவர்மீதான சந்தேகம் விலகியது.

பெயர் தெரிந்ததும் அடுத்த சிக்கல் வந்தது: பாம் ஊசி. பூச்சிமருந்து விஷத்துக்கான மருந்து என்பதால் அது விவசாயப் பகுதிகளில்தான் அதிகம் இருக்கும்; டோக்கியோ போன்ற பெருநகர மருத்துவமனைகளில் கொஞ்சம்தான். நாட்டின் மற்ற பகுதிகளில் இருந்த இருப்பைச் சேகரித்து புல்லட் ரயிலில் தலைநகருக்கு அனுப்பினார்கள். மருந்து இல்லாத நாடு இல்லை அது. மருந்து வேறு ஊரில் இருந்தது.

சர்ச்சில் ஆக்ஸிஜன் குழாய்

செயின்ட் லூக்ஸின் தலைவர் ஷிகேஅகி ஹினோஹாரா. அப்போது வயது 83. அன்றைய வழக்கமான ஓ.பி.யையும் அறுவை சிகிச்சைகளையும் நிறுத்திவிட்டு, வருகிற எல்லோரையும் உள்ளே விடச் சொன்னார். இத்தனைக்கும் வருவது என்ன விஷம் என்று தெரியாத நேரம்.

அவரால் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் கட்டடத்தில் இருந்தது. 1945 மார்ச்சில் டோக்கியோமீது நடந்த குண்டுவீச்சில், கருகி வந்தவர்களைப் படுக்கவைக்க இடமில்லாமல் தவித்த டாக்டர் அவர். 1992-ல் புதிய கட்டடம் கட்டியபோது லாபியை அகலமாக வைத்து, தாழ்வாரச் சுவர்களிலும் மருத்துவமனைக்குள் இருந்த சர்ச்சிலும்கூட ஆக்ஸிஜன் இணைப்பு வைக்கச் செய்தார். சர்ச்சில் எதற்கு ஆக்ஸிஜன், வீண் செலவு என்று விமர்சித்தவர்கள் இருந்தார்கள். மூன்றே வருடத்தில் அந்த சர்ச் வார்டு ஆனது.

640 பேரில் 528 பேருக்கு லேசான பாதிப்பு. 107 பேருக்கு நடுத்தரம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 5 பேர்தான். அவர்களில் மூன்று பேர் வரும்போதே இதயம் நின்றிருந்தது. அந்த மூவரில் ஒருவர் பிழைத்து வீடு திரும்பினார். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

இதுவரை கேட்டால் வெற்றிக் கதை. ஆனால் அன்று ஒரு தவறும் நடந்தது.

நோயாளிகளின் உடையைக் கழற்றவில்லை. குளிக்க வைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் 500 பேர் வந்து நின்றால் உடை மாற்ற இடம் எங்கே, ஷவர் எங்கே? ஊழியர்களுக்குக் கவச உடையும் கிடையாது, நச்சுக்காற்று முகமூடியும் கிடையாது. நோயாளிகளின் கோட்டு, சட்டை, தலைமுடியில் தங்கியிருந்த சாரின் மெல்ல ஆவியாகி மருத்துவமனைக் காற்றில் கலந்தது. பிறகு ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், பதில் சொன்ன 472 பேரில் 110 பேருக்கு நச்சின் அறிகுறிகள் இருந்தது தெரியவந்தது. கண் வலி, தலைவலி, தொண்டை எரிச்சல், பார்வை மங்கல்.

எங்கே அதிகம் பாதிப்பு என்று பார்த்தால், அந்த சர்ச்சில். அங்கே வேலை பார்த்தவர்களில் 45.8 சதவீதம் பேருக்கு அறிகுறி. மோசமான நோயாளிகள் போன அவசர சிகிச்சைப் பிரிவில் 16.7 சதவீதம்தான். வித்தியாசம் கதவில் இருக்கிறது. அவசரப் பிரிவின் வாசல் ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் மூடப்படவில்லை, காற்று ஓடியது. சர்ச்சில் காற்றோட்டம் குறைவு, உள்ளே ஏகப்பட்ட பேர், எல்லோரும் குளிருக்குக் கோட்டு போட்டவர்கள்.

வேறொரு மருத்துவமனையில், இரண்டு நோயாளிகளுக்கு உயிர்ப்பிப்பு சிகிச்சை செய்த 15 டாக்டர்களில் 13 பேருக்கு அறிகுறிகள் வந்தன. சம்பவ இடங்களுக்குப் போன 1,364 ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஊழியர்களில் 135 பேர் பாதிக்கப்பட்டார்கள். பை சரியாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் இந்த எண்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கும்: அன்று பயன்படுத்திய சாரினின் தூய்மை சுமார் 30 சதவீதம்தான்.

ஆம்புலன்ஸுக்காக யாரும் காத்திருக்கவில்லை

இன்னொரு புள்ளிவிவரம், பேரிடர் திட்டம் போடுகிறவர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. செயின்ட் லூக்ஸுக்கு வந்தவர்களில் ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நடந்தே வந்தார்கள். கால்வாசிப் பேர் டாக்ஸி பிடித்தார்கள். மற்றவர்கள் தெரியாத ஆட்களின் காரில், தீயணைப்புத் துறையின் சாதாரண வேன்களில்.

பாடப்புத்தக முறைப்படி, சம்பவ இடத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, பாதிக்கப்பட்டவர்களை அங்கேயே கழுவி, தரம் பிரித்து, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். நல்ல திட்டம். ஆனால் கண் எரிகிறவன் வளையம் போடும்வரை நிற்க மாட்டான். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போவான். விஷமும் அவனோடு போகும். அதாவது, மருத்துவமனையின் வாசலே இரண்டாவது சம்பவ இடம் ஆகிவிடுகிறது.

டோக்கியோவுக்குப் பிறகு மாறியது பெரும்பாலும் இந்த வாசலில்தான். கட்டடத்துக்கு வெளியிலேயே உடை களைந்து கழுவும் ஏற்பாடு, நோயாளிகளுக்கு ஒரே நுழைவு வழி, வாசலில் நிற்கிறவர்களுக்குக் கவச உடை என்று மருத்துவமனைகள் திட்டம் போட ஆரம்பித்தன. அமெரிக்கா 1996-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்து தன் பெருநகரங்களின் மீட்பு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பின்னர் நச்சு முறிவு மருந்துப் பெட்டிகளை நாடு முழுக்க முன்கூட்டியே வைத்தது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ரசாயன பயங்கரவாதத்துக்கென்றே 2009-ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பிரிவுக்கும் ரசாயன, அணுக்கதிர் விபத்துப் பயிற்சி உண்டு. ஆனால் படை வந்து சேரும் முன்பே நோயாளிகள் வந்துவிடுவார்கள் என்பதுதான் டோக்கியோ காட்டியது.

சிரியாவின் கூட்டாவில் 2013 ஆகஸ்ட் 21-ல் அது பல மடங்கு கொடூரமாகத் திரும்ப நடந்தது. எல்லைகள் அற்ற மருத்துவர்கள் அமைப்பின் உதவி பெற்ற மூன்று மருத்துவமனைகளுக்கு மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 3,600 பேர் வந்தார்கள். 355 பேர் இறந்தார்கள்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால்?

மெட்ரோவோ, தொழிற்சாலைக் கேஸ் கசிவோ, முதல் ஐந்து நிமிடத்துக்கான விஷயம் பெரிதாக மாறாது. திடீரென்று பலருக்கு ஒரே நேரத்தில் கண் எரிச்சல், இருமல், மயக்கம் என்றால், அங்கிருந்து வெளியே போங்கள். சாரின் ஆவி காற்றைவிட கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனால் மேலே, திறந்த வெளிக்கு, காற்று வீசும் பக்கத்தை எதிர்த்து. தரையில் கிடக்கும் ஈரத்தையோ பொட்டலத்தையோ தொடாதீர்கள், காலால் தள்ளவும் வேண்டாம்.

வெளியே வந்ததும் மேலுடையைக் கழற்றுங்கள். கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் நச்சின் பெரும்பகுதி உடையோடுதான் இருக்கும். டி-ஷர்ட்டைத் தலைவழியாக இழுத்தால் முகத்தில்தான் உரசும். முடிந்தால் வெட்டிக் கழற்றுவது நல்லது. கழற்றியதைப் பையில் போட்டுக் கட்டி ஓரமாக வையுங்கள். பிறகு தண்ணீர், நிறையத் தண்ணீர், சோப்பு இருந்தால் சோப்பு. விழுந்து கிடப்பவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது. மருத்துவமனைக்குப் போனால் உள்ளே நுழையும் முன்பே, வாசலிலேயே, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வெள்ளைக் கோட்டு போட்ட குற்றவாளி

அன்று பை குத்திய ஐந்து பேரில் ஒருவர் டாக்டர். இக்குவோ ஹயாஷி, இதய அறுவை சிகிச்சை நிபுணர். சாரின் என்ன செய்யும் என்று அந்த ஐவரில் யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர். கசுமிகசெக்கி ஊழியர்கள் இருவர் இறந்தது அவர் குத்திய பையால். தாக்குதலுக்குப் போனவர்களுக்கு நச்சு முறிவு மருந்து முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. பிடிபட்டபின் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் அவருக்கு ஆயுள் தண்டனை. குழுத் தலைவர் ஷோகோ அசஹாரா உட்பட 13 பேர் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஹினோஹாரா 105 வயது வரை வாழ்ந்து 2017-ல் இறந்தார்.

தாக்குதலில் 31 வயதில் சிக்கிய ஒரு பெண், மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் படுத்த படுக்கையானார். பேச்சும் அசைவும் போய், குடும்பத்தார் பார்த்துக்கொண்டார்கள். 25 வருடம் கழித்து, 2020 மார்ச்சில், 56 வயதில் அவர் இறந்தபோது, அந்தக் காலை நேரத்தின் பலி எண்ணிக்கை 14 ஆனது.